ஈயமா, லித்தியமா: பால்வெட்டுக்காரரின் நெற்றி விளக்கு

குமரி மாவட்டத்தில் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் விடியுமுன்பே பால்வெட்டு தொடங்கிவிடும். மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதலாக இருக்கும் நேரம் அதுதான். வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறையும். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். கத்தி சற்று ஆழமாக இறங்கினாலும் மரம் காயப்படும். ஆகவே நெற்றி விளக்கின் பேட்டரியைத் தேர்ந்தெடுப்பது கத்தியைத் தேர்ந்தெடுப்பதற்கு இணையான காரியம்.

சார்ஜ் ஏற்றும் விளக்குகளில் பழையது 4 வோல்ட் ஈய அமில பேட்டரி. புதியது, 18650 எனப்படும் லித்தியம் அயன் செல்: 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், 50 கிராமுக்குள் எடை. இது தரும் மின்சாரத்தை ஈயத்தில் சுமக்க ஏறத்தாழ கால் கிலோ வேண்டும். மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்பவரின் கழுத்தை எண்ணினால், விலை கூடினாலும் லித்தியத்தையே வாங்கச் சொல்வேன். ஆனால் உறையில் 9900 எம்.ஏ.எச். என்று அச்சிட்டிருந்தால் தொடவேண்டாம். இந்த அளவில் நல்ல செல்லே 3500-ஐ ஒட்டித்தான் தரும்.

பராமரிப்பில் இரண்டும் நேரெதிர். ஈய பேட்டரி காலியாகக் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய திறன் வராது. தோட்டத்திலிருந்து திரும்பியதுமே சார்ஜில் போட்டு நிரப்பிவிட வேண்டும். லித்தியமோ முழுதாக நிரம்பி, 4.2 வோல்ட்டில், சூட்டில் கிடந்தால் சீக்கிரம் மூப்படையும். தகரக் கூரைக்கு அடியில் தொங்கவிடுவது அதற்கு ஆகவே ஆகாது.

இலையுதிர்ந்து பால்வெட்டு நிற்கும் வாரங்களில்தான் இந்த வேறுபாடு தெரியாமல் பேட்டரிகள் வீணாகின்றன. ஈயத்தை முழுதாக நிரப்பி வைத்து, இடையில் ஒருமுறை மீண்டும் ஏற்ற வேண்டும். லித்தியத்தைப் பாதி சார்ஜில், குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் போதும். முற்றிலும் வற்றவிட்டால் இரண்டுமே கெடும். வற்றிய லித்தியத்தை மறுபடி சார்ஜ் செய்வது ஆபத்தும்கூட. உப்பிப்போன செல்லை உடனே ஒதுக்கிவிட வேண்டும்.

ஒரு விஷயத்தில் ஈயம் மேல். அதன் வெளிச்சம் மெல்ல மங்கி முன்கூட்டியே சொல்லிவிடும். லித்தியம் விளக்கு பலவற்றில் பாதுகாப்புச் சுற்று சட்டென்று மின்சாரத்தைத் துண்டிக்கும். கையில் கத்தியோடு இருட்டில் நிற்க நேரும். மாற்று செல் ஒன்று கட்டாயம் வேண்டும். அதையும் பிளாஸ்டிக் டப்பியில் வைத்தே எடுத்துப் போக வேண்டும். சில்லறையோ சாவியோ கிடக்கும் பையில் வெறுமனே போட்டால் இரு முனையும் உரசித் தீப்பிடிக்கலாம்.