உயரம் மிச்சமில்லாத நொடிகள்

பெங்களூரின் பொம்மனஹள்ளிக்கு வடகிழக்கே சில மைல் தூரத்தில் இருக்கிறது பழைய ஹெச்.ஏ.எல். ஏர்போர்ட். 1990 பிப்ரவரி 14, பகல் ஒரு மணி வாக்கில், பம்பாயிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605 அதன் ஓடுபாதையை எட்டும் முன்பே கோல்ஃப் மைதானத்தில் விழுந்து எரிந்தது. இருந்த 146 பேரில் 92 பேர் மாண்டார்கள். வானம் தெளிவாகத்தான் இருந்தது. ஏர்பஸ் ஏ320, வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத விமானம்.

ஜெட் எஞ்சின்களை ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட் பெட்டில் வேலை செய்தவன் நான். அதனால் இந்த விபத்து என்னை இன்னும் விடவில்லை. த்ராட்டிலைத் தள்ளியதும் ஜெட் எஞ்சின் சீறிவிடாது. ஐடிலில், அதாவது மிகக் குறைந்த விசையில், சுற்றும் எஞ்சின் முழு விசைக்கு ஏறச் சில நொடிகள் பிடிக்கும். பழைய எஞ்சின்களில் ஏழெட்டு நொடிகூட ஆகும். இதற்காகவே விமானிகள் சக்கரத்தையும் ஃபிளாப்பையும் முன்கூட்டியே இறக்கி, சுமார் மூன்று டிகிரிச் சரிவில், எஞ்சினுக்கு ஓரளவு விசை கொடுத்துக்கொண்டே வருகிறார்கள். அப்படி வந்தால், தேவைப்பட்டதும் மேலே எழும்பிவிடலாம்.

605இல் தானியங்கி அமைப்பு ‘ஓப்பன் டிசென்ட்’ நிலையில் இருந்தது. அந்த நிலையில் எஞ்சின்கள் ஐடிலிலேயே சுற்றும். 132 நாட் இருக்க வேண்டிய வேகம் 106 வரை சரிந்தது. விமானி அறையில் இருந்த இருவரும் அதை வேளையோடு கவனிக்கவில்லை. கடைசி நொடிகளில் த்ராட்டிலைத் தள்ளினார்கள், எஞ்சின்களும் விசை ஏறத் தொடங்கின. ஆனால் உயரம் மிச்சமில்லை.

இந்தியன் ஏர்லைன்ஸின் ஏ320 விமானங்கள் எல்லாம் பல மாதங்கள் தரையில் நிறுத்தப்பட்டன. இயந்திரத்தின் மீது பழி போட்டவர்கள் ஏராளம். என்னைக் கேட்டால், அது சொன்னபடி செய்த இயந்திரம். என்ன சொல்லியிருக்கிறோம் என்பதைத்தான் அறையில் இருந்தவர்கள் சரிபார்த்திருக்க வேண்டும்.

இப்போது விதி கறாரானது. மேகமூட்டத்தில் 1000 அடி, தெளிந்த வானில் 500 அடி உயரத்துக்குள் வேகம், சரிவு, எஞ்சின் விசை மூன்றும் சீராகவில்லை என்றால் இறங்கக் கூடாது, மேலே ஏறிச் சுற்றி வர வேண்டும். அப்படிச் சுற்றி வருகிற விமானியைத் தண்டிக்கக் கூடாது என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகமும் சொல்கிறது.

2008 மே மாதம் பெங்களூரின் பயணிகள் விமானங்கள் ஹெச்.ஏ.எல்.லை விட்டுத் தேவனஹள்ளியில் உள்ள புதிய விமான நிலையத்துக்குப் போய்விட்டன. அங்கே நீங்கள் வரும் விமானம் ஓடுபாதையை நெருங்கிவிட்டுத் திடீரென்று மேலே ஏறினால், தாமதமாகிறதே என்று முணுமுணுக்காதீர்கள். இறங்கும்போது அந்த விமானிக்கு ஒரு நன்றி சொல்லுங்கள்.