டாக்டர் ஆவோ: பந்தும் படிப்பும்

"பந்து உதைத்தது போதும், போய்ப் படி!" இந்த அதட்டல் கேட்காத வீடு நம் ஊரில் குறைவு. படிப்பா விளையாட்டா, ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறார்கள். ஆனால் நண்பர்களே, சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து அணிக்குத் தலைமை தாங்கியவர் ஒரு மருத்துவ மாணவர் என்பது தெரியுமா?

அவர் பெயர் தலிமெரன் ஆவோ. 1918-ல் நாகா மலைப்பகுதியின் சாங்கி கிராமத்தில் பிறந்தவர். தந்தை கிறிஸ்தவ போதகர். மகன் டாக்டராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆவோவின் பதின்ம வயதிலேயே தந்தை இறந்துவிட, அந்த ஆசை மகனின் பொறுப்பாகிவிட்டது.

குவஹாத்தி காட்டன் கல்லூரியில் படித்துவிட்டு, 1942-ல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே மோகன் பகான் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. 1948 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் நம் தேசியக் கொடியை ஏந்திச் சென்றவர் அவர்தான். அப்போது அவர் இன்னும் எம்.பி.பி.எஸ். முடித்திருக்கவில்லை! ஜூலை 31 அன்று பிரான்சுக்கு எதிராக நம் வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினார்கள். இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டு 1-2 என்று தோற்றோம்.

பட்டம் கிடைத்தது 1950-ல். அதாவது, கல்லூரியில் சேர்ந்து எட்டு வருடம் கழித்து. வணிகவியல் மாணவர்கள் இதை 'வாய்ப்புச் செலவு' என்போம். ஒன்றைப் பெற இன்னொன்றில் கொடுக்கும் விலை. ஆவோ அந்த விலையைக் காலமாகக் கொடுத்தார். ஆனால் பந்தாட்டம் ஓய்ந்த பிறகு வாழ்க்கை ஓயவில்லை. ஊர்ப்பக்கம் திரும்பி மருத்துவப் பணி செய்தார், நாகாலாந்தின் சுகாதாரத் துறை இயக்குநராகவும் உயர்ந்தார். 1998-ல் காலமானார்.

இது ஒருவருடைய திறமை மட்டுமா? பிரேசிலின் சாக்ரடீஸ் கதையையும் பார்ப்போம். 1970-களில் ரிபெய்ரோ பிரேட்டோ நகரில் மருத்துவம் படித்துக்கொண்டே அவ்வூர் பொடபோகோ கிளப்புக்கு ஆடினார். படிப்பால் பயிற்சிக்கு வர முடியாத நாட்களைக் கிளப் பொறுத்துக்கொண்டது. பட்டம் வாங்கிய பிறகுதான் 1978-ல் பெரிய கிளப்பான கொரிந்தியன்ஸுக்குப் போனார். 1982 உலகக் கோப்பையில் பிரேசிலின் கேப்டனும் அவரே.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. "நேரத்தைச் சரியாகத் திட்டமிடு" என்று பையனிடம் சொல்வது சுலபம். ஆனால் கால அட்டவணை பையன் கையிலா இருக்கிறது? அது கல்லூரி முதல்வர் கையிலும் பயிற்சியாளர் கையிலும் இருக்கிறது. பார்சிலோனா கிளப் 1979-ல் தொடங்கிய லா மாசியா விடுதியில் சிறுவர்களுக்குப் பள்ளி முடிந்துதான் பயிற்சி. இருவரும் பேசி வைத்தால் மாணவனுக்கு இரண்டும் கிடைக்கும். இல்லாவிட்டால் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்தான்.

அகாடமிகளில் சேரும் சிறுவர்களில் மிகச் சிலரே தொழில்முறை வீரர்கள் ஆகிறார்கள். ஆனவர்களுக்கும் முப்பத்தைந்து வயதுக்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது. மீதி வாழ்க்கைக்கு யார் பொறுப்பு? பந்தைப் பிடுங்கி வைக்கும் பெற்றோரும், புத்தகத்தை மறக்கச் சொல்லும் பயிற்சியாளரும் செய்வது ஒரே தவறைத்தான்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?