நினைவு இல்லமும் நூலகமும்: சேலம், நாமக்கல் சமவெளியில் பழங்கட்டடங்களின் மறுபயன்பாடு

பழங்கட்டடங்களைப் பொதுப் பயன்பாட்டிற்குக் கொணர்தல் பற்றிய உரையாடலில் மதுரைத் தமுக்கம் அரண்மனை முதற்சான்றாக நிற்கிறது. நாயக்கர் காலத்து அவ்வரண்மனை 1959இல் காந்தி நினைவு அருங்காட்சியகமாயிற்று. அரண்மனைக்கு அமைந்த இவ்வாய்ப்பு, சிற்றூர் வீட்டிற்கும் ஆசிரமக் குடிலுக்கும் எந்த அளவு பொருந்தும் என்பதைச் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சான்றுகள் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு கட்டடத்தின் மறுவாழ்வைத் தீர்மானிப்பது, அதனை நாள்தோறும் திறந்துவைக்கும் கடமையுடைய நிறுவனமே என்பது இதன் கருதுகோள்.

நாமக்கல் மலைக்கோட்டையும் சங்ககிரிக் கோட்டையும் நடுவண் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட 1959ஆம் ஆண்டு விதிகளின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் கூட்டமோ விருந்தோ நடத்த நடுவண் அரசின் முன் அனுமதி வேண்டும். இக்கட்டுப்பாடு கோட்டைச் சுவர்களைக் காக்கிறது. ஆயின் அங்குச் செல்பவர் பார்வையாளராக மட்டுமே இருக்க இயலும்.

திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையம் காந்தி ஆசிரமம் இதற்கு நேர்மாறானது. 1925 பிப்ரவரி 6 அன்று பெரியாரால் திறந்து வைக்கப்பட்டது. பின்னாளில் இராஜாஜியும் பெரியாரும் நின்ற எதிரெதிர் அணிகளை அறிந்தோர்க்கு இச்செய்தி வியப்பளிக்கலாம். இராஜாஜி அங்கேயே தங்கிக் கதர்ப் பணியையும் மதுவிலக்குப் பரப்புரையையும் நடத்தினார். கல்கி துணைநிற்க ‘விமோசனம்’ இதழ் அங்கிருந்தே வெளிவந்தது. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்த மதுவிலக்கின் முன்வரலாற்றை இவ்வாசிரமத்தைத் தவிர்த்து எழுத இயலாது. கதர்ப் பணி இன்றும் அங்குத் தொடர்கிறது. எனவே ‘மறுபயன்பாடு’ என்னும் சொல்லே அதற்குப் பொருந்தாது. அதனை முழுமையாகக் காட்சிக்கூடமாக மாற்றுவது, இயங்குகின்ற தறியை நிறுத்திவிட்டுத் தறியின் படத்தை மாட்டுவதை ஒக்கும்.

சேலம் ஏற்காடு சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் நிலை வேறு. டி.ஆர்.சுந்தரம் நிறுவிய அப்படப்பிடிப்பு நிலையம் இருந்த நிலம் குடியிருப்பாகிவிட, நுழைவு வளைவு மட்டும் எஞ்சியது. மக்கள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். உள்ளே நுழைந்து அமர இடமில்லை.

இவற்றின் இடையில் வைத்து நோக்கத்தக்கது நாமக்கல் கவிஞர் வெ.இராமலிங்கம் பிள்ளை வாழ்ந்த இல்லம். மோகனூரில் 1888இல் பிறந்த கவிஞர், நாமக்கல்லில் ஓவியராகத் தொழில் செய்து, காங்கிரஸ் தொண்டராகி, 1932இல் சிறை சென்றார். 1949இல் அரசவைக் கவிஞரானார். அவ்வீட்டை அரசு நினைவு இல்லமாக்கியது. அங்கு நூலகம் இயங்குகிறது. சென்னைத் தலைமைச் செயலக வளாகத்தின் பத்து மாடிக் கட்டடமும் அவர் பெயரைத் தாங்குகிறது; ஆயினும் பொதுமகன் எவருடைய இசைவும் கோராது சென்று அமரக்கூடியது இவ்வீடே. சிலைக்கு ஆண்டுக்கு இருமுறை மாலை போதும். நூலகத்திற்கோ அன்றாடம் நாளிதழ் வரவேண்டும், விளக்கு எரியவேண்டும், பணியாளர் வரவேண்டும். கூரையில் ஒழுக்கு ஏற்பட்டால் அன்றே முறையிட வாசகர் இருப்பர். இந்த அன்றாடத் தேவையே பராமரிப்புக்கான நெருக்குதலாகவும் அமைகிறது.

எனினும் ஒரு சிக்கல் உண்டு. நினைவுச் சின்னத்தைச் சமூகப் பயன்பாட்டிற்கு உட்படுத்துவது அதன் காப்பிற்குத் துணைபுரியும் எனக் கூறும் 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் 5ஆம் கூறு, அப்பயன்பாடு கட்டடத்தின் அமைப்பையோ அலங்காரத்தையோ மாற்றக்கூடாது எனவும் வரையறுக்கிறது. வீடுகளைப் பொறுத்தவரை இவ்வரையறை போதாது என்பது என் கருத்து. சுவரும் தூணும் மாறாதிருக்க, அங்கு வாழ்ந்தவர் மறைந்துபோக முடியும். எந்த ஊரிலும் கிடைக்கும் நூல்களே அலமாரிகளை நிறைத்தால், நினைவு இல்லம் என்பது பெயர்ப்பலகையோடு நின்றுவிடும். குறிப்பாக, கவிஞரின் புகழில் அவருள் இருந்த ஓவியர் ஏற்கெனவே மங்கியவர். அவர்தம் ஓவியப் படிகள், நூல்களின் முதற்பதிப்புகள், ‘என் கதை’ குறிப்பிடும் இடங்களின் வரைபடம், சேலம் மாவட்ட விடுதலைப் போராட்ட ஆவணப் படிகள் ஆகியவற்றுக்கு ஓர் அறையையேனும் ஒதுக்கினால், போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் இளைஞரும் ஆய்வாளரும் அங்கு அடுத்தடுத்த மேசைகளில் அமரலாம்.