பாப்பாரப்பட்டிக்கு ஒரு நடை, கட்டாடினுக்கு ஒரு நடை

விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா வத்தலக்குண்டில் பிறந்தது 1884-இல். எம்மா கேட்வுட் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தது 1887-இல். வயதில் மூன்றே ஆண்டு வித்தியாசம். இருவரும் நெடுந்தூரம் நடந்தவர்கள். ஒருவர் நடை தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் முடிந்தது. மற்றவர் நடை கட்டாடின் மலையுச்சியில் முடிந்தது. நெடுவழித் தனிநடையில் என்ன பாடு, என்ன பலன் என்பதை இந்த இருவரையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

புறப்பட்ட காரணத்திலேயே இருவரும் வேறுபடுகிறார்கள். கேட்வுட் பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். கணவனிடம் பல்லாண்டு அடி உதை வாங்கியவர். அப்பலாச்சியன் மலைப்பாதையைப் பற்றி ஒரு பத்திரிகையில் படித்தது மனத்தில் தங்கிவிட்டது. 1954-இல் முதல் முயற்சி. வழி தவறி, மூக்குக்கண்ணாடி உடைந்து, வீடு திரும்பினார். மறு ஆண்டு மே மாதம், 67 வயதில், எங்கே போகிறார் என்று பிள்ளைகளுக்குக்கூட விவரம் சொல்லாமல் ஜார்ஜியாவில் தொடங்கினார். ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர் நடந்து செப்டம்பரில் கட்டாடின் உச்சியில் முடித்தார். அந்தப் பாதை முழுவதையும் ஒரே பருவத்தில் தனியாக நடந்த முதல் பெண் அவர்தான்.

சிவாவை நடக்க வைத்தது வேறு. 1908 ராஜத்துரோக வழக்கில் வ.உ.சி.யோடு தண்டனை பெற்றுச் சிறை சென்றார். 1912-இல் வெளியே வந்தபோது தொழுநோயும் கூட வந்தது. பாப்பாரப்பட்டியில் பாரதாசிரமம் கண்டு, பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப முனைந்தார். 1923-இல் தேசியத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். இனிப் பணம் வேண்டும். அதற்கு ஊர் ஊராகப் போக வேண்டும். தொழுநோயைக் காட்டி ரயிலில் ஏறக் கூடாது என்றது அரசு. முடிந்தவரை நடை, முடியாதபோது கட்டை வண்டி என்று ஆனது. கேட்வுட் நடையைத் தேர்ந்தெடுத்தார். சிவாவுக்கு மிஞ்சியது நடைதான்.

அடுத்தது பாதம். நெடுவழி நடப்பவருக்கு வலி எதிரி என்று நினைக்கிறோம். உண்மையில் அதுதான் காவல்காரன். கொப்புளம் எழும்போது எரிகிறது. உட்கார்கிறோம், செருப்பை உதறிக் கல்லை எடுக்கிறோம். கேட்வுட் சாதாரணக் கேன்வாஸ் காலணியோடுதான் மலையேறினார். கால் வீங்கியது, காலணிகள் ஜோடி ஜோடியாகத் தேய்ந்தன. ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்று கால் அவருக்குச் சொன்னது. தொழுநோய் நரம்பைத் தாக்கி அந்த உணர்வையே பறிக்கக்கூடியது. முள் ஏறினாலும் தெரியாது. நடக்க நடக்கப் புண் ஆழமாகும். சதை தானாக அழுகுவதில்லை, மரத்துப்போன இடத்தில் படும் அடிதான் கைகாலைச் சிதைக்கிறது என்று டாக்டர் பால் பிராண்ட் வேலூரில் எடுத்துக்காட்டியதும், மெத்தென்ற ரப்பர்ச் செருப்பு வந்ததும் சிவா மறைந்து பல ஆண்டுகள் கழித்துத்தான்.

மூன்றாவது, இரவு. கேட்வுட்டிடம் கூடாரம் இல்லை. தானே தைத்த துணிப்பையில் ஒரு போர்வை, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் திரை, கொஞ்சம் கடலை, உலர்திராட்சை; அவ்வளவே. பாதை நெடுகத் தெரியாதவர்கள் சோறு போட்டார்கள், படுக்க இடம் தந்தார்கள். சில வீடுகள் கதவைச் சாத்தியதும் உண்டு. அன்றைக்குத் திறந்தவெளியில் படுத்தார். சிவா எப்போதும் ஒற்றையாகவே போனார் என்று சொல்வதற்கில்லை. பேச்சைக் கேட்கக் கூட்டம் கூடியது. ஆனால் கூட்டத்துக்கு நடுவிலும் ஆளைத் தனியாக்கிவிடும் நோய் அது. மலைக்காட்டில் கேட்வுட்டுக்கு வாய்த்த தனிமை அவர் விரும்பிப் போனது. சிவாவின் தனிமை மற்றவர்கள் விலகி நின்றதால் வந்தது.

பலனிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. கேட்வுட்டுக்குப் பலன் நடையிலேயே இருந்தது. பத்திரிகைகள் அவரைத் தேடி வந்தன. பராமரிப்பின்றிக் கிடந்த பாதை மீது நாட்டின் கண் திரும்பியது. 1957-இல் மீண்டும் முழுப் பாதையும் நடந்தார். சிவாவுக்கு நடை வெறும் வழி, பலன் கோயில். அது அவர் காலத்தில் எழவில்லை. பாரத மாதா நினைவாலயம் பாப்பாரப்பட்டியில் எழுந்தது சுதந்திரத்துக்குப் பல பத்தாண்டுகள் கழித்து, அரசின் செலவில்.

தனிநடை மனத்தை உரமாக்கும் என்கிறோம். கேட்வுட் விஷயத்தில் அது சரி. நினைத்தால் நிறுத்திவிட்டுப் பஸ் ஏறலாம் என்ற நிலையில் அவர் நிறுத்தாமல் நடந்தார். பெருமை அதில் இருக்கிறது. சிவாவை அந்தத் தராசில் நிறுத்த முடியாது. மன உரம் அவரிடம் முன்பே இருந்தது. நடை அதைச் செலவழித்தது. அவருடைய நடையைச் சாகசம் என்று புகழ்ந்தால், ரயில் கதவைச் சாத்தியவர்களை மறந்துவிடுவோம்.

கேட்வுட் 85 வயது வரை வாழ்ந்தார். சிவா 1925 ஜூலை 22 அன்று பாப்பாரப்பட்டி வந்து சேர்ந்தார்; மறுநாள் இறந்தார். அப்போது அவருக்கு வயது 40.