பத்தாம் வகுப்பும் பணத்தை எண்ணுதலும்: புனேயிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

மகாராஷ்டிரத்தில் ஒரு மாணவர் பத்தாம் வகுப்பில் எதை அறிந்திருக்க வேண்டும் என்பது புனே நகரில் தீர்மானிக்கப்படுகிறது. மாநில இடைநிலை, மேல்நிலைக் கல்வி வாரியத்தின் தலைமையகம் அங்குள்ளது. 1967இல் நிறுவப்பட்ட பாடநூல் நிறுவனமான பாலபாரதியும் அங்குதான். அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளுக்கான காமாயனி அமைப்பு 1964இல் தோன்றியதும் அதே நகரில். வகுப்புநிலையை வரையறுக்கும் அலுவலகமும், அந்த வரையறைக்குள் அடங்காத பிள்ளைகளின் பள்ளியும் ஒரே ஊரில் அருகருகே வளர்ந்திருக்கின்றன.

இந்த இரட்டைநிலையின் வேரைக் கோத்தாரி ஆணையத்தின் 1966ஆம் ஆண்டு அறிக்கையிலேயே காணலாம். மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்வி பொதுக்கல்வியிலிருந்து பிரிக்க முடியாத பகுதி என்று அது கூறியது. பெரும்பான்மையினருக்காக அமைந்த சமூகச் சூழலுக்கு அக்குழந்தையைப் பொருந்தச் செய்வதே கல்வியின் முதற்கடமை என்றும் அதே அறிக்கை கூறியது. முதற்கூற்றிலிருந்து வகுப்புநிலை எதிர்பார்ப்பும், இரண்டாம் கூற்றிலிருந்து வாழ்வியல் திறன் பயிற்சியும் கிளைத்தன எனலாம்.

இரண்டாம் கிளைக்குத் தமிழகம் அளித்த பங்கு பெரிது. சென்னை விஜய் ஹியூமன் சர்வீசஸ் அமைப்பைச் சேர்ந்த பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் உருவாக்கிய 'மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்' 18 துறைகளில் 360 கூறுகளைக் கொண்டது. உண்ணுதல், உடுத்துதல், கழிப்பறைப் பழக்கம் ஆகியவற்றோடு வாசிப்பு, எழுத்து, எண், காலம், பணம் ஆகியனவும் அதில் தனித்தனித் துறைகள். அக்கருவி ஏட்டுக்கல்வியையும் வாழ்வையும் எதிரெதிரே நிறுத்தவில்லை. அமெரிக்காவில் 1976இல் லூ பிரவுனும் அவருடைய குழுவினரும், கற்பிக்கப்படும் ஒவ்வொன்றும் வளர்ந்தபின் அம்மாணவரின் வாழ்வில் பயன்படுமா என்ற அளவுகோலை முன்வைத்தனர். அக்கேள்விக்கு நம்மிடமும் ஒரு விடை உருவாகியிருந்தது.

முதற்கிளையின் கதை 1996இல் திரும்புகிறது. கற்றல் குறைபாடுடைய மாணவர்களுக்குத் தேர்வுச் சலுகைகளை அவ்வாண்டில் மகாராஷ்டிர அரசு முறைப்படி வழங்கியது. கூடுதல் நேரம், எழுத்துப்பிழைக்கு விலக்கு ஆகியவற்றுடன், இயற்கணிதத்துக்கும் வடிவியலுக்கும் மாற்றாக ஏழாம் வகுப்புநிலைக் கணிதத்தையும் செயல்முறைப் பணி அனுபவத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடும் வந்தது. வகுப்புநிலை என்பது அசைக்க முடியாத இயற்கை விதியன்று என்பதை வாரியமே இதன்வழி ஒப்புக்கொண்டது. ஆயினும் இதன் பயன் கற்றல் குறைபாடுடையோரையே முதன்மையாகச் சென்றடைந்தது. சிறப்புப் பள்ளிகளில் பயின்ற அறிவுசார் குறைபாடுடையோர் பெரும்பாலும் வெளியே நின்றனர்.

அப்படி வெளியே நிற்பதன் விலை என்ன? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காட்டை ஒதுக்குகிறது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய், பல்குறைபாடு ஆகியவற்றுக்குச் சேர்த்து 1 விழுக்காடு. பணியிடமோ கல்வித்தகுதிச் சான்று கேட்கிறது. பேருந்தில் தனியே சென்று, சில்லறையை எண்ணி வாங்கி, பட்டறையில் நாள் முழுதும் உழைக்கக் கற்ற ஓர் இளைஞரிடம் அதை மெய்ப்பிக்கும் தாள் இல்லை. ஆக, ஒரே ஒதுக்கீட்டுக்குள் தேர்வெழுதியவர் முன்னே செல்கிறார், மற்றவர் பின்தங்குகிறார்.

தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் அடிப்படைக் கல்வி இதற்கு ஒரு வழியைக் காட்டுகிறது. அதன் அ, ஆ, இ நிலைகள் முறையே 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு இணையானவை. எனினும் அங்கும் அளவுகோல் வகுப்பே.

பிள்ளைக்குக் கணிதமா, கடைக்குச் செல்லும் திறனா என்று பெற்றோரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது பிழையான வினா என்பதே இவ்வரலாறு காட்டுவது. பணம் என்ற துறையில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. பிரிவு நேர்ந்தது சான்றளிக்கும் இடத்தில். 2016ஆம் ஆண்டுச் சட்டம் பாடத்திட்டத்திலும் தேர்வுமுறையிலும் தக்க மாற்றங்களைக் கோருகிறது. அந்த 360 கூறுகளில் ஒரு மாணவர் எட்டியவற்றை ஒரு வாரியம் ஏன் சான்றாக்கக் கூடாது? சிறப்புக் கல்வியிலும் தேர்வு வாரியங்களின் வரலாற்றிலும் ஆய்வு செய்யும் நண்பர்கள் இவ்வினாவை எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.