கங்காரு வாலிலிருந்து ஆடும் பல் வரை

முத்தாபுதுப்பேட்டையில் ஒருவருக்குப் பல் ஆடினால், ஆவடியில் மின்சார ரயிலேறி 1953-இல் தொடங்கப்பட்ட சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில், 1988-இல் உருவான வேலப்பன்சாவடி சவீதா கல்லூரியும் இருக்கிறது. ஈறு நோயால் கரைந்த எலும்பை மீட்க அங்கெல்லாம் வைக்கப்படும் மெல்லிய கொலாஜன் சவ்வுக்குச் சென்னையோடு பழைய உறவு உண்டு.

1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்தார் ஜி.என். ராமச்சந்திரன். அங்கு வந்த பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜே.டி. பெர்னல், கொலாஜனின் வடிவம் இன்னும் பிடிபடவில்லை என்றார். தோல், தசைநாண், எலும்பு எல்லாவற்றுக்கும் உறுதி தருவது அந்தப் புரதம்தான். அடையாறிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் ஆஸ்திரேலியாவிலிருந்து கங்காரு வாலின் தசைநாணை வரவழைத்துக் கொடுத்தது. அதை எக்ஸ்ரேயில் ஆராய்ந்த ராமச்சந்திரனும் கோபிநாத் கர்தாவும் 1954-இல், கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அந்த இழைகள் ஒன்றையொன்று முறுக்கிச் சுற்றியிருப்பதை அடுத்த ஆண்டே தெளிவாக்கினார்கள்.

பல் மருத்துவமோ கரைந்த எலும்பை மீட்க வழி தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தது. 1923-லேயே ஹெகெடூஸ் என்பவர் கீழ்க்கால் எலும்பைத் தாடையில் ஒட்ட முயன்றிருந்தார். ஆனால் எலும்பை நிரப்பினால் மட்டும் போதவில்லை. ஈறின் மேல்தோல் வேகமாக வளர்ந்து காயத்துக்குள் இறங்கிவிடும். பல்லை எலும்போடு பிணைக்கும் நார்கள் உருவாக இடமே இருக்காது. எந்த உயிரணு முதலில் வேரைத் தொடுகிறதோ அதுவே ஆறும் விதத்தை முடிவு செய்கிறது என்று 1976-இல் மெல்ச்சர் சொன்னார்.

1982-இல் ஸ்வீடனில் நைமன், லிண்டே, கேரிங் குழுவினர் அதைச் சோதித்தனர். நோய் முற்றிய ஒரு பல்லின் வேரை வடிதாளால் மூடி, ஈறுத்தோல் நுழையாமல் தடுத்தனர். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது வேரில் புதிய நார்கள் பதிந்திருந்தன!

இப்படித் தடுக்க ஆரம்பத்தில் பயன்பட்ட டெஃப்லான் வகைச் சவ்வை எடுக்க இன்னோர் அறுவை வேண்டியிருந்தது. கொலாஜன் சவ்வோ தானே கரைந்துவிடும். இன்று மீனிலிருந்து எடுத்த கொலாஜனில் அத்தகைய சவ்வு சென்னையிலேயே தயாராகிறது. அதற்கு அடியில் நோயாளியின் சொந்த எலும்பையோ செயற்கை எலும்புத் துகளையோ நிரப்புகிறார்கள். 2001-இல் பிரான்சின் ஷூக்ரூன் காட்டிய வழியில், நோயாளியின் ரத்தத்தைச் சுழற்றிக் கிடைக்கும் ஃபைப்ரின் படலத்தையும் வைப்பதுண்டு.

எல்லாப் பல்லுக்கும் இது பலிக்காது. எலும்பு கரைந்த பள்ளத்தைச் சுற்றி மூன்று புறமும் எலும்புச் சுவர் மிஞ்சியிருந்தால் நல்ல பலன் கிடைக்கும். எலும்பு மேலிருந்து ஒரே மட்டமாகக் கரைந்திருந்தால் வாய்ப்பு மிகக் குறைவு. புகைப்பழக்கமும் கட்டுக்குள் வராத சர்க்கரையும் பலனைக் குறைக்கும். ஆகவேதான் ஈறில் ரத்தம் கசியும்போதே எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அவசியம். சிகிச்சைக்குப் பின்னும் சில மாதங்களுக்கு ஒருமுறை ஈறைச் சுத்தம் செய்ய வரவேண்டும். எலும்பு வளர்ந்திருப்பது எக்ஸ்ரேயில் தெரிய ஆறு மாதமாவது ஆகும்.