எபிசோடு 27: லிஸ்டர் வீட்டில் ஒரு ஆபரேஷன்

இந்த எபிசோடு என் பெரியம்மாவால வந்தது. மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தாங்க. தையல் பக்கத்துல சிவந்து, சூடா இருந்திருக்கு. ரெண்டு நாள் யார்கிட்டயும் சொல்லலை. "அந்த இடத்தைப் போய் எப்படிடா காட்டுறது?"ன்னாங்க. அப்பதான் இந்தக் கதையைத் தேடிப் படிச்சேன்.

1867, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. ஜோசப் லிஸ்டர் அங்கே சர்ஜரி பேராசிரியர். அவரோட சகோதரி இசபெல்லா பிம், மார்புல கட்டியோட வந்து நிக்கிறாங்க. மயக்க மருந்து வந்து இருபது வருஷம் ஆச்சு. வலி போயிடுச்சு, சாவு போகலை. ஆபரேஷன் நல்லா முடியும், அப்புறம் புண் அழுகும். சீழ் வந்தா அது ஆறுறதுக்கு அறிகுறின்னு நம்பின டாக்டர்களே நிறைய. அதனால மார்பை எடுக்கவே பல பேர் தயங்கினாங்க.

லிஸ்டர் கையில் ஒரே ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. நுண்ணுயிர்கள் பற்றி பாஸ்டர் எழுதினதைப் படிச்சிருந்தார். சாக்கடை நாற்றத்தைப் போக்க கார்பாலிக் அமிலம் ஊத்துறாங்கன்னும் தெரியும். 1865 ஆகஸ்ட்ல, வண்டிச் சக்கரம் ஏறி கால் எலும்பு முறிஞ்ச 11 வயசுப் பையனோட புண்ணுல அதை வெச்சுக் கட்டினார். கால் பிழைச்சது.

ஆனா அது விபத்துல ஏற்பட்ட காயம். இது தானே கத்தி வெச்சு உண்டாக்கப் போற பெரிய காயம், அதுவும் கூடப்பிறந்தவங்க உடம்புல. நான் கோடு எழுதுறவன். டெஸ்ட் பண்ணாததை லைவ்ல போடவே கை நடுங்கும். லிஸ்டர் முதல்ல பிணத்துல பழகினார். எடின்பரோ போய், தன் மாமனாரும் பெரிய சர்ஜனுமான சைம்கிட்ட யோசனை கேட்டார். ஜூன் மாசம், தன் வீட்லயே ஆபரேஷன் பண்ணினார். கருவிகள், கைகள், கட்டுத் துணி எல்லாத்துக்கும் கார்பாலிக்.

புண் அழுகாம ஆறிடுச்சு. ஆனா புற்றுநோய் திரும்ப வந்தது. இசபெல்லா சுமார் மூணு வருஷம்தான் இருந்தாங்க. தோல்வின்னு எனக்குத் தோணலை. அந்த மூணு வருஷமும், கிருமி தின்னாம விட்ட வருஷங்கள்.

கணக்கும் அதைத்தான் சொல்லுது. கை, கால் துண்டிக்கிற ஆபரேஷன்ல, லிஸ்டரோட பழைய முறையில 35 பேர்ல 16 பேர் இறந்தாங்க. புது முறையில 40 பேர்ல 6 பேர்.

இன்னைக்கும் மார்பக ஆபரேஷனுக்கு அப்புறம் தொற்று வரலாம். சிவப்பு, சூடு, கூடிக்கிட்டே போற வலி, காய்ச்சல், சீழ், வடிகுழாய்ல கலங்கின திரவம், இதுல எது வந்தாலும் அன்னைக்கே டாக்டருக்குச் சொல்லணும். சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் ஆபத்தைக் கூட்டும்.

பெரியம்மாவை மூணாவது நாள் கூட்டிட்டுப் போனோம். ஆன்டிபயாட்டிக் கொடுத்தாங்க, சரியாயிடுச்சு. லிஸ்டர் காலத்துல அந்த மருந்து கிடையாது. நம்மகிட்ட இருக்கு. வெட்கப்பட்டு மறைச்சா மட்டும் அதால ஒண்ணும் பண்ண முடியாது.

உங்க வீட்ல யாராவது ஆபரேஷன் முடிஞ்சு வந்திருந்தா, இன்னைக்கு ஒரு தடவை கேளுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.